கோர்ட்டில் நிற்க முடியாதவர்தான் சட்டப் பேராசிரியர் ஆகிறாரா?

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2025

"என் மகன் சட்டம் முடித்துவிட்டான். தொழில் பார்க்காமல், மேற்படிப்புப் படித்து ஆசிரியராகப் போகிறேன் என்கிறான். வழக்கு கிடைக்காதவர்கள் போய் ஒதுங்கும் இடம்தானே சட்டக் கல்லூரி? சட்டத்தை மாற்றுகிறவர்கள் நீதிபதி, வக்கீல், எம்.பி. வாத்தியார் எதை மாற்றியிருக்கிறார்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்."

9 ஜனவரி, இரவு

லோத்திகா சர்க்கார்.

பெயர் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மேசையில் விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது. மற்றது நாளை.

10 ஜனவரி

1923இல் வங்காளக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை திரேன் மித்ரா பெயர்பெற்ற சட்ட வல்லுநர். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்து, 1951இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார். 1953இல் டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அந்தத் துறையில் பாடம் நடத்திய முதல் பெண் அவர்தான். தந்தையின் பெயரும் கேம்பிரிட்ஜ் பட்டமும் கையில் இருந்தவர் வழக்கு கிடைக்காமல் ஒதுங்கினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வகுப்பறையைத் தேர்ந்தெடுத்துத்தான் போனார்.

அவர் என்ன மாற்றினார் என்று கேட்டீர்கள். மதுரா வழக்கிலிருந்து தொடங்குகிறேன்.

1972 மார்ச் 26. மகாராஷ்டிரத்தின் அன்றைய சந்திரபூர் மாவட்டம், தேசாய்கஞ்ச் காவல் நிலையம். மதுரா பெற்றோரை இழந்த பழங்குடிப் பெண். வயது பதினான்கிலிருந்து பதினாறுக்குள் இருக்கலாம் என்றார் மருத்துவர். அண்ணனும் தங்கையும் கூலி வேலை பார்த்துப் பிழைத்தார்கள். தங்கையைக் கடத்திவிட்டார்கள் என்று அண்ணன் புகார் கொடுக்க, எல்லோரையும் நிலையத்துக்கு வரவழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். இரவு பத்தரை மணி வாக்கில் மற்றவர்களைப் போகச் சொன்னார்கள், அவளை மட்டும் இருக்கச் சொன்னார்கள். வெளியே உறவினர்கள் காத்திருந்தார்கள். உள்ளே விளக்கு அணைந்தது, கதவு அடைபட்டது.

அவளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட காவலர் இருவரையும் 1974இல் அமர்வு நீதிமன்றம் விடுவித்தது. அவளைப் பொய்க்காரி என்றது. பாலுறவுக்குப் பழகியவள், அதனால் சம்மதித்திருப்பாள் என்றது. 1976இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அதை மாற்றி, காவலருக்கு ஐந்தாண்டும் தலைமைக் காவலருக்கு ஓராண்டும் சிறை விதித்தது. பயத்தில் அடங்கிப்போவதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. பிறகு உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாகச் சொல்வதை நம்ப முடியவில்லை என்பவை அது சொன்ன காரணங்கள்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து 1978இல் நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நால்வரில் ஒருவர் லோத்திகா.

11 ஜனவரி, திருத்தம்

நேற்று ஆண்டைத் தவறாக எழுதிவிட்டேன். தீர்ப்பு 1978 செப்டம்பர் 15. மடல் 1979 செப்டம்பர் 16. ஓராண்டும் ஒரு நாளும் இடைவெளி.

இந்த இடைவெளி முக்கியம், அதனால்தான் தனியாகத் திருத்துகிறேன். அந்த ஓராண்டில் தீர்ப்பு அச்சாகி, தொகுதிகளில் ஏறி, நாடெங்கும் வழக்கறிஞர் அறைகளின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனையோ பேர் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போயிருப்பார்கள். நான்கு ஆசிரியர்கள் மட்டும் அதை வரி வரியாகப் படித்துவிட்டு, இதை இப்படியே விடக்கூடாது என்று உட்கார்ந்தார்கள். வாத்தியார் என்ன செய்வார் என்று கேட்டீர்களே நண்பரே, அவர் முதலில் செய்வது இதைத்தான். மற்றவர்கள் தேவைக்கு மட்டும் புரட்டும் பக்கத்தை முழுதாகப் படிப்பார்.

12 ஜனவரி

மேலே "தாண்டிப் போயிருப்பார்கள்" என்று யாரையோ சொல்வதுபோல் எழுதிவிட்டேன். நானும் தாண்டிப் போனவள்தான்.

சட்டம் படித்தபோது இந்த வழக்கு எனக்குத் தேர்வில் வந்தது. தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக அச்சாகும் தலைக்குறிப்பை மனப்பாடம் செய்திருந்தேன்: காயம் இல்லை, எதிர்ப்பு இல்லை, ஆகவே சம்மதம், ஆகவே விடுதலை. அப்படியே எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. பிறகு திருநெல்வேலியில் ஒன்பது ஆண்டுகள் தொழில் பார்த்தேன். சீனியர் ஒரு வரி கேட்பார், ஜூனியர் அந்த வரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். தொகுதியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. தீர்ப்பை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கும் நேரம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கட்சிக்காரர் காத்திருக்கும்போது யாருக்கும் அது இருக்காது.

முழுத் தீர்ப்பையும் நான் முதன்முதலாகப் படித்தது, பாடம் நடத்த வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில். அப்போதுதான் அந்த விளக்கும் கதவும் கண்ணில் பட்டன. தலைக்குறிப்பில் அவை இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

14 ஜனவரி

பொங்கல் பானை இறக்கியாயிற்று. ஒரு சின்னக் குறிப்பு.

மதுராவைப் பற்றித் தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் இளமையில் செய்தித்தாள்கள் எல்லாமே "கற்பழிப்பு" என்றுதான் எழுதின. செய்தவன் பெயர் அதில் இல்லை. அழிந்ததாகச் சொல்லப்படுவது அவளுடையது. இப்போது "பாலியல் வன்கொடுமை" என்று எழுதுகிறோம். வகுப்பில் பழைய சொல் வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துகிறேன். அமர்வு நீதிமன்றம் எங்கே தடுக்கி விழுந்ததோ, அந்தச் சொல்லும் அங்கேதான் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது: பெண்ணின் கடந்த காலத்தைக் கணக்கெடுக்கும் இடத்தில்.

15 ஜனவரி

மடலின் உயிர் எந்த வாதம் என்று கேட்டவருக்கு.

சம்மதத்துக்கும் அடங்கிப்போவதற்கும் சட்டத்திலும் வேறுபாடு உண்டு, சாதாரண அறிவிலும் உண்டு என்பதுதான் அது. சம்மதத்துக்குள் அடங்கிப்போதல் இருக்கலாம். ஆனால் அடங்கிப்போனவர் எல்லாம் சம்மதித்தவர் ஆகிவிடமாட்டார். காவல் நிலையத்துக்குள் இரண்டு காவலரிடம் மாட்டிக்கொண்ட சிறுமி வெற்றிகரமாகக் கூச்சல் போட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா என்று தலைமை நீதிபதியையே கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். விசாரணைக்காகப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது என்று நந்தினி சத்பதி வழக்கில் இதே நீதிமன்றம் அதே 1978இல் கண்டித்திருந்ததே, அவளை இரவில் நிலையத்தில் நிறுத்திவைத்ததைப் பற்றி இந்தத் தீர்ப்பு ஏன் வாய் திறக்கவில்லை?

இதை நான் முதல் முறை வகுப்பில் சொன்னபோது, பின் வரிசையில் இருந்த மாணவன் எழுந்தான். நல்ல பையன். குதர்க்கம் பேசுகிறவன் அல்ல. "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்றுதானே மேடம் சொல்லுவார்கள்?" என்றான்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் உடனே பதில் வரவில்லை. அந்தப் பழமொழியைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலைகுனிந்து நின்ற என் சித்தியைக் காட்டி, பாட்டி அதைத்தான் சொன்னாள்.

பிறகு அவனிடம் கேட்டேன்: "உன் அப்பாவை ஒரு காவலர் சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றுகிறார். அவர் வாய் திறக்காமல் ஏறி உட்காருகிறார். சம்மதித்தா ஏறினார்?" அவன் சற்று நேரம் நின்றுவிட்டு, "பயத்தில் ஏறியிருப்பார்" என்று சொல்லி உட்கார்ந்தான். 1979இல் நால்வர் எழுதியதை அவன் தன் வாயால் சொல்லிவிட்டான். நான் அதற்குமேல் விளக்கவில்லை.

18 ஜனவரி

"மடலை எழுதியவர் உபேந்திர பக்ஷி. நீங்கள் ஏன் லோத்திகாவுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று ஒருவர் கோபமாகவே கேட்டிருக்கிறார்.

நான் யாரிடமிருந்தும் பறித்து யாருக்கும் கொடுக்கவில்லை. நான்கு கையெழுத்துகள்: உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார். முதல் மூவரும் டெல்லி, தாகம்வார் புனே. பக்ஷி பிற்காலத்தில் துணைவேந்தர் ஆனார், வெளிநாட்டிலும் கற்பித்தார், நிறைய எழுதினார். அவர் பெயர் முன்னால் வருவது இயல்பு. ஆனால் மடல் வெளியானபோது லோத்திகா அந்தத் துறையில் கால் நூற்றாண்டைத் தாண்டியிருந்தார். அவர் சேர்ந்தபோது ஆசிரியர் அறையில் இன்னொரு பெண் இல்லை. அத்தனை ஆண்டுகள் அங்கே நின்றவருடைய கையெழுத்துக்கு ஒரு கனம் உண்டு என்பதுதான் என் பேச்சு.

அதே நாள், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கேல்கரையும் தாகம்வாரையும் நானும் பெயரோடு விட்டுவிட்டேன். நியாயம் இல்லை.

கேல்கரை உங்களில் சட்டம் படித்த எல்லோருக்கும் தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. குற்றவியல் நடைமுறைக்கு நாம் எல்லோரும் புரட்டிய அந்தப் பாடநூல் அவருடையது. தாகம்வார் மகாராஷ்டிரத்தின் பழங்குடி மக்களிடையே வேலை செய்தவர். பிறகு சட்ட அறிவை எளிய மக்களிடம் கொண்டுபோக டெல்லியில் ஓர் அமைப்பை நிறுவினார். கூலி வேலை பார்க்கும் பழங்குடிப் பெண்ணின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது அவருக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்த செய்தி அல்ல.

20 ஜனவரி

மடலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேள்வி. சுருக்கமாக.

செய்தித்தாள்களுக்குப் போனது. 1980 மார்ச் 8 மகளிர் நாளில் பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டில் சட்ட ஆணையம் பாலியல் வன்கொடுமைச் சட்டத்தைப் பற்றித் தன் 84ஆம் அறிக்கையைக் கொடுத்தது. 1983இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. காவலர், அரசு ஊழியர் போன்றோர் தம் பொறுப்பில் உள்ள பெண்ணிடம் செய்யும் குற்றம் தனி வகையானது, அதற்குக் குறைந்தது பத்தாண்டு சிறை என்றானது. சாட்சியச் சட்டத்தில் 114அ நுழைந்தது. அத்தகைய வழக்கில் உறவு நடந்தது மெய்ப்பிக்கப்பட்டு, நான் சம்மதிக்கவில்லை என்று பெண் சாட்சியம் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடுவது குற்றமானது.

நான்கு பேர். ஒரு மடல். நான்கு ஆண்டுகள்.

21 ஜனவரி

நேற்றைய கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும், ஆனால் அது முழு உண்மை அல்ல. மடல் மட்டும் சட்டத்தை மாற்றிவிடவில்லை. ஹைதராபாத்தில், காவலர்களின் வன்கொடுமைக்கு ஆளான ரமீசா பீயின் வழக்கால் 1978லேயே ஊர் கொதித்திருந்தது. தெருவில் இறங்கிய பெண்கள் இல்லாவிட்டால் மடலும் அலமாரியிலேயே இருந்திருக்கும். அவர்கள் கையில் ஒரு தெளிவான வாதத்தைக் கொடுத்தது மடல்.

இன்னொன்று. மதுராவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொன்ன முயற்சி பலிக்கவில்லை, விடுதலை விடுதலையாகவே நின்றது. 1983 சட்டத்தில் அவளுடைய அந்த இரவு இருக்கிறது. ஆனால் குற்றவியல் சட்டம் பின்னோக்கிப் போகாது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

புதிய சட்டத்துக்குள்ளும் ஓட்டை இருந்தது. போதிய, தனிப்பட்ட காரணம் காட்டினால் நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். 1989இல் ஹரியானா காவலர் இருவருடைய பத்தாண்டை உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. அந்தப் பெண்ணின் நடத்தை அங்கேயும் பேசுபொருளானது.

22 ஜனவரி

"அந்த அமர்வில் தமிழர் இருந்தாரா?"

இருந்தார். மதுரா வழக்கில் இருவரையும் விடுவித்த உச்ச நீதிமன்ற அமர்வில் ஜஸ்வந்த் சிங், பி. எஸ். கைலாசம், ஏ. டி. கோஷல் ஆகிய மூவர். எழுதியவர் கோஷல். கைலாசம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து போனவர். நம்மவர் என்பதால் மறைக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். மூவரும் படித்தவர்கள், அனுபவசாலிகள். அவர்களுக்கு முன்பே உயர்நீதிமன்றம் சரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தது. இருந்தும் தவறினார்கள் என்பதுதான் மாணவர்களுக்குத் தெரிய வேண்டியது.

24 ஜனவரி

லோத்திகாவை ஒரு மடலுக்குள் அடைக்கக் கூடாது.

1971இல் மத்திய அரசு இந்தியப் பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைத்தது. பூல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர்-செயலர், லோத்திகா உறுப்பினர். 1974 கடைசியில் அறிக்கை வந்தது. விடுதலைக்குப் பின் பெண்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்ற எண்ணத்தை அது உடைத்தது. சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வேண்டாம் என்று குழு முடிவு செய்தபோது, வீணாவும் லோத்திகாவும் ஒப்பாமல் மாறுபட்ட குறிப்பு எழுதினார்கள். மகளிர் இடஒதுக்கீட்டுக்கான அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது 2023இல். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

1981இல் பக்ஷியும் லோத்திகாவும் உச்ச நீதிமன்றத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார்கள். ஆக்ராவில் பெண்களுக்கான அரசுப் பாதுகாப்பு இல்லம் இருந்தது. அங்கிருந்தவர்கள் மனிதர் வாழத் தகாத நிலையில் இருந்தார்கள். வக்காலத்தோ முத்திரைத்தாளோ இல்லாமல் போன அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக ஏற்று நீதிமன்றம் விசாரித்தது. பாதிக்கப்படாத ஒருவர் பிறருக்காக நீதிமன்றம் போகலாம் என்ற பொதுநல வழக்கு முறை அப்போதுதான் வேர்பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நின்ற கைகளில் ஆசிரியர்களின் கைகளும் உண்டு.

1980இல் டெல்லியில் மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையம் தொடங்கியபோதும், 1982இல் மகளிர் ஆய்வுகளுக்கான இந்தியச் சங்கம் உருவானபோதும் நிறுவியவர்களில் ஒருவராக இருந்தார். இவற்றைப் பற்றி இன்னும் சொல்லலாம், ஆனால் எனக்கு நேரில் தெரிந்தது வகுப்பறை. அங்கேயே நின்றுகொள்கிறேன்.

27 ஜனவரி

வாச்சாத்தியை நினைவூட்டிய தருமபுரி நண்பருக்கு நன்றி. 1992 ஜூன். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த குற்றம் சாட்டப்பட்டவர் அனைவரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே தேதியில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

மதுராவுக்கும் வாச்சாத்திக்கும் இடையில் இருபது ஆண்டுகள். இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்கள் பழங்குடிப் பெண்கள், எதிரே நின்றவர்கள் அரசுச் சீருடைக்காரர்கள். முடிவு வேறாக இருந்ததற்கு முதல் காரணம் அந்த ஊர்ப் பெண்களின் உறுதி, பிறகு அவர்களோடு நின்ற அமைப்புகளும் வழக்கறிஞர்களும். மடலுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று அளக்க எனக்குத் துணிவில்லை.

3 பிப்ரவரி

எழுத மனமில்லாமல் தள்ளிப்போட்ட பகுதி இது.

லோத்திகாவின் கணவர் சஞ்சல் சர்க்கார் பத்திரிகையாளர். 2005இல் காலமானார். அதன் பிறகு, நம்பிப் பழகியவர்களிடம் சொந்த வீட்டையே இழக்கும் நிலைக்கு வந்தார் லோத்திகா. எண்பதைத் தாண்டிய வயதில் நீதிமன்றத்தின் துணையை நாட வேண்டியிருந்தது. சட்ட வல்லுநர்களும் அறிஞர்களும் அவருக்காக ஒரு திறந்த மடல் எழுதினார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் முன்பின் அறியாத ஒரு சிறுமிக்காகத் திறந்த மடலில் கையெழுத்துப் போட்டவர் அவர். அவருடைய பெயரிலேயே ஒரு திறந்த மடல் வந்த நாளை நான் மறக்கவில்லை. சட்டம் தெரிந்தால் ஏமாற மாட்டோம் என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்றிரவே என் அம்மாவின் வீட்டுப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று ஊருக்குப் போன் செய்து கேட்டேன்.

2013 பிப்ரவரி 23இல் காலமானார். தொண்ணூறு வயது. டெல்லிப் பேருந்துக் கொடுமையை அடுத்துக் கொண்டுவந்த சட்டத் திருத்தம் சில வாரங்களில் நிறைவேறியது. உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்ற விளக்கம் அதில்தான் தண்டனைச் சட்டத்துக்குள் வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. அந்த வரி நாடாளுமன்றத்தில் நிறைவேறியதை அவர் பார்க்கவில்லை.

5 பிப்ரவரி

முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். வாயை மூடிக்கொள்வதாகச் சொன்னவர் இன்னொரு கேள்வியோடு வந்திருக்கிறார், மகிழ்ச்சி. "பையன் முதலில் எதைப் படிக்க வேண்டும்?"

மதுரா வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை: 'சுப்ரீம் கோர்ட் கேசஸ்' தொகுதி, 1979, இரண்டாவது புத்தகம், 143ஆம் பக்கம். எந்தச் சட்டக் கல்லூரி நூலகத்திலும் கிடைக்கும். தலைக்குறிப்பின்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மூடிக்கொண்டு, அதற்குக் கீழே தொடங்கும் தீர்ப்பைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு நான்கு ஆசிரியர்களின் மடலைப் படிக்கட்டும். அதன் பின்னும் ஆசிரியராகத்தான் போவேன் என்றால் தடுக்காதீர்கள் அண்ணா.